ஒட்டாமல் போன கோடு

நான் முனைவர் பட்டம் வாங்கியது பிரபஞ்சம் வளர்த்து. ஊரில் இதை வெளியே சொல்வதில்லை. கச்சிராயபாளையத்தில் என் அப்பா, பையன் ராக்கெட் சம்பந்தமாகப் படித்தவன் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதையும் நான் திருத்துவதில்லை. ஒரு தடவை கள்ளக்குறிச்சிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "வானத்தப் பத்திதான படிச்ச? எனக்கு சனி எப்ப வெலகும்னு பாத்து சொல்லேன்" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லூரி வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு திமிர் இருந்தது.

என் வேலை இதுதான். ஆரம்பத்தில் பிரபஞ்சம் முழுக்கப் பொருள் கிட்டத்தட்ட ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. கிட்டத்தட்டதான். ஓர் இடத்தில் துளி கூடுதல், இன்னோர் இடத்தில் துளி குறைவு. கூடுதலாக இருந்த இடம் தன் ஈர்ப்பால் அக்கம்பக்கத்தில் இருந்ததை இழுத்து மேலும் கூடியது. குறைவாக இருந்த இடம் இருந்ததையும் பறிகொடுத்தது. கல்யாணப் பந்தியில் கூட்டம் இருக்கிற பக்கமே மேலும் மேலும் ஆள் போய் நிற்பார்கள் இல்லையா, அதுபோல. கோடானுகோடி வருடம் இப்படியே நடந்து, இன்று விண்மீன் திரள்கள் இழை இழையாகத் தொடுத்துக் கிடக்கின்றன. இழைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத பிரம்மாண்டமான வெற்றிடங்கள்.

இதையெல்லாம் செய்கிற ஈர்ப்பு விதி நமக்கு நன்றாகத் தெரிந்த விதிதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சூரியனைச் சுற்றிச் சரியாக இருக்கிற விதி, அத்தனை பெரிய தூரத்துக்கும் அப்படியே செல்லுமா? பிரபஞ்சம் ஏன் வேகம் பிடித்து விரிகிறது என்று யாருக்கும் விளங்காததால் வந்த சந்தேகம் இது. அதற்காகப் புதிய விதிகளை எழுதிப் பார்க்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விதியில் ஈர்ப்போடு கூடவே ஒரு சின்னக் கூடுதல் விசை உண்டு. பொருள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அந்த விசை ஒளிந்துகொள்ளும். வெறுமையான இடத்தில்தான் தலைகாட்டும். அதனால் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் வெற்றிடங்களைத்தான் அளக்க வேண்டும்.

நான் கணினியில் இரண்டு பிரபஞ்சங்களை வளர்த்தேன். இரண்டுக்கும் ஆரம்பச் சிதறல் ஒன்றேதான். அதே இடத்தில் அதே கூடுதல், அதே குறைவு. ஒன்று பழைய விதியில் வளர்ந்தது, மற்றது புதிய விதியில். கடைசியில் இரண்டிலும் எந்த அளவில் எத்தனை வெற்றிடம் என்று எண்ணி, இரண்டு கோடுகளாக வரைந்தேன். கோடுகள் பிரிந்து நின்றன. புதிய விதியில் பெரிய வெற்றிடங்கள் அதிகம். பார்த்த மாத்திரத்தில் தெரியும் அளவுக்கு அதிகம். அந்த ஒரு படத்தில்தான் என் கட்டுரை, என் பட்டம், ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இந்தக் கல்லூரி வேலை எல்லாம்.

நான் ஆய்வை முடித்துக் கிளம்பிய வருடம் எங்கள் குழுவில் ஒரு பெண் சேர்ந்தாள். மணலூர்பேட்டைக்காரி. வெளி மாநிலத்தில், தமிழே அபூர்வமாகக் காதில் விழும் இடத்தில், ஒருநாள் உணவு அறையில் யாரோ போனில் "இன்னா, வூட்டுக்கு வந்துட்டியா?" என்று கேட்கும் குரல் வந்தது. தட்டோடு எழுந்து போய் எந்த ஊர் என்று விசாரித்தேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் அண்ணன். மற்றவர்கள் முன்னால் இங்கிலீஷ் பேசிவிட்டு, நடைபாதைக்கு வந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிக்கொள்வோம். ஊர் ஞாபகம் வராமல் இருந்தது நான் அங்கிருந்து கிளம்பும்வரை கிடைத்த அந்த நாலு மாதம்தான்.

அவள் அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்கள். நடவு, களையெடுப்பு, பருவம் வந்தால் கரும்பு வெட்டு. "எங்க பக்கம்கூட வெட்டுக்கு வந்திருப்பாங்க, எங்க கரும்புக் கொல்லியிலயே வெட்டியிருந்தாலும் வெட்டியிருப்பாங்க" என்று ஒருதடவை சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இருக்கும்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் ஏன் அதைச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு யோசிக்காமலே வருகிற பேச்சு அது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் சொந்தமாக எதையும் தொடங்குவதற்கு முன், தனக்கு முன்னால் இருந்தவருடைய முக்கியமான படத்தைத் தானே ஒருமுறை கணினியில் ஓட்டி, அளந்து, மறுபடி வரைந்து காட்ட வேண்டும். நானும் எனக்கு முன்னால் இருந்தவரின் படத்தை வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. எல்லாருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். புதுப் படம் பழையதோடு ஒட்டவில்லை என்றால் புதிதாக வந்தவர் எங்கோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். முன்னவர் படத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டதே.

அவளுக்கு என் படம் கொடுக்கப்பட்டது. நான் கச்சிராயபாளையம் வந்து, கல்லூரியில் சேர்ந்து, முதல் வருடப் பிள்ளைகளுக்கு நெம்புகோல் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, புது விதி கோடு உங்களுதோட அப்டியே ஒட்டிக்கினு வருதுண்ணா. பழைய விதிதான் ஒட்ட மாட்டேங்குது. எனக்கு ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காந்துக்குது."

"பழைய விதிதான்ம்மா ரெண்டுல ஈசியானது. அதுலயே தடுமாறினா எப்டி? நிதானமா பாரு."

அவள் நிதானமாகப் பார்த்தாள். நான் சொன்ன இடத்தையெல்லாம் பார்த்தாள். அளக்கும் நிரலை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினாள். ஒவ்வொரு முறையும் போன் வந்தது, ஒவ்வொரு முறையும் நான் ஒரு புதுச் சந்தேகத்தைச் சொன்னேன். எல்லாச் சந்தேகமும் அவள் மேல்தான். நாள் ஆக ஆக அவள் குரல் தணிந்துகொண்டே வந்தது. "நான்தான் எங்கியோ வுட்டுட்டு இருக்கறேன்ணா, எனக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்பாள். எட்டு மாதம் இப்படிப் போனது. நான் அவளுக்கு உதவுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாத முடிவில் எங்கள் பேராசிரியர் கூப்பிட்டார். அவளுக்கும் எனக்கும் அவர்தான் வழிகாட்டி. வருடாந்தர மதிப்பீட்டுக் கமிட்டி அடுத்த வாரம் புதன்கிழமை கூடுகிறது என்றார்.

"எட்டு மாசமா உங்க ஒரு படத்தையே அவளால திரும்பக் கொண்டுவர முடியல. உங்க ஊர்ப் பொண்ணு, உங்ககிட்டதான் அதிகம் பேசுறா. உங்களுக்கு என்ன தோணுது? இது அவளுக்கு வருமா?"

நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "கஷ்டம்தான் சார்" என்றேன். அதோடு விட்டேனா? "நல்லா உழைக்கிறா. ஆனா அடிப்படை கொஞ்சம் கம்மி" என்று சேர்த்தேன். அப்போது அதை நான் முழுக்க நம்பினேன். இப்போது அதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள், புதன்கிழமை, அவள் ஒரு கேள்வி அனுப்பினாள். "அண்ணா, நீங்க ரெண்டையும் எத்தினி கோர்ல ஓட்டனீங்க?" கோர் என்றால் கணினிக்குள் வேலை செய்கிற ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலையைப் பல ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். எத்தனை ஆளுக்குப் பிரித்தாலும் வேலை சீக்கிரம் முடியுமே தவிர விடை மாறக் கூடாது. அதனால் எனக்கு அது சின்னப்பிள்ளைத்தனமான கேள்வியாகத் தெரிந்தது. பழைய டிஸ்க்கில் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

வியாழக்கிழமை கல்லூரி மதியத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து பீரோவுக்கு மேலே கிடந்த டிஸ்க்கை எடுத்துத் துடைத்து, பழைய பதிவுகளைத் திறந்தேன். பழைய விதி ஓடியது அறுபத்து நாலு கோரில். புதிய விதி ஓடியது நூற்று இருபத்தெட்டில். தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டாவதை ஓட்டியது பொங்கல் சமயத்தில், அங்கே சங்கராந்தி விடுமுறை. அந்த வாரம் அங்கே எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மற்ற நாளில் வரிசையில் நின்று கெஞ்சி வாங்க வேண்டிய மெஷின் காலியாகக் கிடந்தது. நான் ஊருக்குப் போகாமல் இரண்டு மடங்கு ஆட்களை எடுத்துக்கொண்டு ஓட்டினேன். சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டாளே என்று நிரலைத் திறந்து பார்த்தேன். எங்கள் குழுவில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த நிரல் அது. யார் முதலில் எழுதியது என்றுகூடத் தெரியாது. ஆரம்பச் சிதறலைத் தூவுகிற பகுதியை நான் அதுவரை திறந்ததே இல்லை. அங்கே ஒவ்வொரு கோரும் தன் பங்கு இடத்துக்குத் தானே தாயக்கட்டை உருட்டிக்கொள்கிறது. ஆள் கணக்கு மாறினால் பங்கு மாறும். பங்கு மாறினால் சிதறலே வேறு. லேப்டாப்பில் சின்னதாக ஒரு பிரபஞ்சத்தை இரண்டு கோரில் ஒருமுறை, நாலு கோரில் ஒருமுறை தூவிப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு படமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் திரையில் வந்து நின்றன.

ஆக, நான் ஒப்பிட்டது ஒரே பிரபஞ்சத்தின் இரண்டு விதிகளை அல்ல. இரண்டு வேறு பிரபஞ்சங்களை. ஒன்றில் தற்செயலாகப் பெரிய வெற்றிடங்கள் கொஞ்சம் அதிகம் விழுந்திருந்தன, அவ்வளவுதான். அவள் இரண்டையும் நூற்று இருபத்தெட்டில் ஓட்டியிருக்கிறாள். அதனால்தான் புதிய விதி என்னுடையதோடு அச்சாக ஒட்டியது, பழையது ஒட்டவில்லை. எட்டு மாதமாக அவள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நான் மின்விசிறியைக்கூடப் போடாமல் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். பட்டம் போய்விடுமா, வேலை போய்விடுமா, கல்லூரியில் என்ன சொல்வார்கள், அப்பா கேட்டால் என்ன சொல்வது. அவளைப் பற்றிய நினைப்பு அதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. பேராசிரியர் நம்பரை எடுத்தேன். மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்தேன். நாளைக்கு முழுசாகச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் போன் செய்தாள்.

"டிஸ்க் பாத்தீங்களாண்ணா? புதன்கெழம கமிட்டி. அதுக்குள்ள தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"எங்க வச்சேன்னு தெரியலம்மா. தேடிக்கினுதான் இருக்கேன்."

டிஸ்க் என் முன்னால் மேஜை மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் வீட்டு வாசலில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்த வருடம் ஒரு புது ரகக் கரும்பு வைத்திருந்தார். "பழைய ரகத்தோட இத வச்சுப் பாரு. கண்ணாலயே தெரியல? கணு கணுவா எப்டி ஊறிக்கினு இருக்குது" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் நடுவதற்கு விதைக் கரணை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சட்டென்று வெளியே போனேன்.

"புது ரகம் இருக்கறது தலமடையில. கோமுகி டேம் தண்ணி மொதல்ல அங்கதான் பாயுது. பழசு கெடக்கறது கடமடையில. அது ரெண்டையும் வச்சு ஒப்பிட்டா அதுக்குப் பேரு ஒப்பீடா? ரகத்தால வளந்துதா, தண்ணியால வளந்துதான்னு எப்டிச் சொல்வீங்க? நீங்க சொல்றத நம்பி இவங்களும் நட்டுட்டு நட்டப்பட்டா யாரு பதில் சொல்றது?"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா, வாழ்நாள்ல ஒருநாள் மடைய தொறந்து வுட்டிருக்கியா நீ? இன்னாத்துக்கு இப்டி கத்தற? இப்ப யாரு குடி முழுகிப் போச்சு?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா அந்தப் புது ரகத்தைப் பற்றி அதற்கப்புறம் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

சனி, ஞாயிறு போயின. திங்கட்கிழமை கல்லூரியில் ஒரு பேச்சு வந்தது. மாணவர்களைக் கல்வராயன் மலைக்கு முகாமுக்கு அழைத்துப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல், வேறு யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாள். கரியாலூர் தாண்டி உள்ளே தள்ளி ஒரு ஊர். வழக்கமாக எல்லாரும் நழுவப் பார்க்கும் வேலை. நான் கையைத் தூக்கினேன். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கையைத் தூக்கினேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

மலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றார்கள், அருவிக்குப் போக வேண்டும் என்று என்னை நச்சரித்தார்கள். நான் மணிக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்த்து, சிக்னல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பையில் வைத்தேன். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அங்கே கமிட்டி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் நான் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேட்டில் ஓர் இடத்தில் ஒரு கோடு சிக்னல் வருகிறது, வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறோம் என்று பிள்ளைகள் ஓடினார்கள். நீங்களும் வாங்க சார் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பேச யாரும் இல்லை என்றேன்.

வியாழக்கிழமை காலையில் வேன் மலையை விட்டு இறங்கியது. கடைசி வளைவு திரும்பியதும் போன் பையிலேயே அடுத்தடுத்து அதிர்ந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து மூன்று அழைப்பு. புதன்கிழமை பேராசிரியரிடமிருந்து ஒரு செய்தி. கமிட்டி முடிந்தது, படிப்பை இத்தோடு நிறுத்திக்கொள்ள அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், நீங்கள் வெளிப்படையாகப் பேசியது உதவியாக இருந்தது, நன்றி என்று எழுதியிருந்தார்.

வேனைக் கச்சிராயபாளையத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, அங்கேயே ரோட்டோரம் நின்று பேராசிரியருக்குப் போன் போட்டேன். படத்தில் நடந்த தப்பு என்ன என்று முழுக்கச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"கட்டுரையத் திருத்தி அனுப்பிடலாம். அது என் பேர்லயும்தான இருக்கு. உங்க பட்டத்த என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. அத அப்புறம் பாக்கலாம். அந்தப் பொண்ணு நேத்தே கிளம்பிட்டா. திரும்ப வரணும்னா அவளேதான் காரணம் காட்டி கடிதம் எழுதணும். நான் கூப்பிட்டேன், போன் எடுக்கல."

எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நல்ல மனிதர், நேற்றுத்தான் கண்டுபிடித்திருப்பேன் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் திரும்பச் சேர்ந்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களை வீணாகத் தவிக்கவிட வேண்டாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி போய், திருவண்ணாமலை பஸ் பிடித்து, மணலூர்பேட்டையில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனேன். பெண்ணையாற்றுப் பக்கம் தெருக்கோடியில் ஓட்டுவீடு. அவள் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, பொண்ணு உங்களப் பத்திதான் சொல்லிக்கினே இருக்கும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் ஏன் திரும்பி வந்துவிட்டாள் என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. லீவு என்று சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அவளைக் கூப்பிட்டு என் எதிரில் உட்காரச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.

நான் வாய் குழறாமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். இருந்தும் குழறியது. அறுபத்து நாலு, நூற்று இருபத்தெட்டு என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு நான் விளக்கியதெல்லாம் எனக்காகத்தான். அவள் எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்து வந்து, பக்கங்களைத் தள்ளி, என் முன்னால் விரித்து வைத்தாள். அவள் வேலை தொடங்கிய மூன்றாம் மாதத்துத் தேதி. அவளுடைய சுத்தமான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டும் ஆரம்பத்திலேயே வேறு வேறோ? அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில், அண்ணன் செய்தது, அப்படி இருக்காது என்று எழுதியிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கமிட்டிக்கு முன்னாடி சார் என்னக் கேட்டாரும்மா. உனக்கு வருமான்னு. கஷ்டம்னு சொல்லிட்டேன்."

"தெரியும்ணா. சார் சொன்னாரு" என்றாள். "அப்ப உங்களுக்கும் தெரியாதில்ல. வுடுங்க."

அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். கடிதம் எழுத வேண்டும் என்று சொன்னேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அங்கேயே எழுத உட்கார்ந்தாள். திரும்பச் சேர விரும்புவதற்கான காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தாள். என் தப்பை விவரமாக எழுது, நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு வரி எழுதினாள்: "என் கணக்கு சரியாக இருந்தது." அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. அவள் அம்மா டீயும் ஒரு தட்டில் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

பஸ் ஏற்றிவிட அவளும் கூட வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. திரும்பிப் போனதும் பத்துப் பதினைந்து சிதறல்களை எடுத்து ஓட்டு, ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவு சொன்னதுதான் என் இரண்டாவது தப்பு என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன். உண்மையில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், அதைப் பிடிப்பதுதான் உன் வேலை என்றேன். அவள் ம் கொட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

"டிஸ்க் எப்ப கெடச்சுதுண்ணா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நேற்று என்று சொல்லியிருக்கலாம். மலையிலிருந்து இறங்கிய அன்று என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். பேராசிரியரே நம்பியிருக்கிறார். வாய் வரைக்கும் வந்தது.

"கமிட்டிக்கு முந்தின வியாழக்கெழம."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம நான் போன் பண்ணேனே."

"ஆமா."

"தேடிக்கினு இருக்கேன்னு சொன்னீங்களே."

அவள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனாள். வியாழனிலிருந்து புதனுக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறாள் என்று தெரிந்தது. ஆறில் விரல் நின்றது. அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அவள் என் மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை. ஏதாவது திட்டேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

தூரத்தில் கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"பஸ் வந்துடுச்சுங்க சார்" என்றாள்.